தி பிக் இஷ்யூ: வாங்குங்கள், ஆனால் இதழை அவரிடமே விட்டுவிட்டு வராதீர்கள்

லண்டனில் இருக்கும் நம் ஆட்களிடம் தி பிக் இஷ்யூ என்று சொன்னால் பாதிப் பேருக்குப் பெயர் பிடிபடாது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் சிவப்பு மேல்சட்டை போட்டு, கழுத்தில் படம் ஒட்டிய அடையாள அட்டை தொங்க, கையில் பத்திரிகைக் கட்டோடு நிற்பவரை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவர் விற்பதுதான் இது. வீடில்லாதவர்களும் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களும் தெருவில் நின்று விற்கும் பத்திரிகை. அவரைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடப்பவர்கள் உண்டு, சில்லறையைக் கையில் திணித்துவிட்டு நகர்பவர்கள் உண்டு, வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பவர்கள்தான் குறைவு. நான் சில வருடங்களாக வாங்கிப் படிக்கிறேன். பாவம் பார்த்து வாங்க வேண்டிய தாள் என்று நினைத்துத்தான் பலர் ஒதுங்குகிறார்கள் என்பதால், மற்ற பத்திரிகைகளை எப்படி எடைபோடுவோமோ அப்படியே இதையும் எடைபோட்டு எழுதுகிறேன். விற்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

முதலில் காசு விஷயம். கடைசியாக நான் வாங்கியபோது விலை 4 பவுண்ட். இதில் விற்பவருக்கு 2 பவுண்ட். அந்த 2 பவுண்ட் கம்பெனி பிறகு கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கமிஷன் கிடையாது. அவர் முன்பே தன் கைக்காசைப் போட்டு ஒரு இதழ் 2 பவுண்ட் என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், நம்மிடம் 4-க்கு விற்கிறார். புதிதாகச் சேருபவருக்கு முதலில் சில பிரதிகள் இலவசமாகக் கிடைக்கும், அதை விற்று வந்த பணம்தான் முதலீடு, அப்புறம் எல்லாம் சொந்தக் காசு. 20 இதழ் எடுத்தால் 40 பவுண்ட் போட வேண்டும். இருபதும் விற்றால் 80 வரும், 40 லாபம். மழை பிடித்துக்கொண்டு பத்துதான் விற்றது என்றால் போட்ட காசு மட்டும் திரும்பும், நாள் முழுக்க நின்றதற்கு ஒன்றும் இல்லை. விற்காத இதழைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த இதழ் வந்துவிட்டால் பழையது வெறும் காகிதம்தான். எத்தனை எடுப்பது என்று வாரா வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்தக் கணக்கு ஊரில் பூக்கடை, காய்கறிக் கடை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீடில்லாதவரிடம் காசு வாங்கிக்கொண்டா இதழ் கொடுப்பது, சும்மா கொடுத்தால் என்ன என்று எனக்கும் முதலில் தோன்றியது, கேட்கிற எல்லாருக்கும் தோன்றும். இந்தப் பத்திரிகையின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் புரியும். 1989-ல் நியூயார்க்கில் ஸ்ட்ரீட் நியூஸ் என்று ஒரு செய்தித்தாள் தொடங்கியது, வீடில்லாதவர்கள் சுரங்க ரயிலில் விற்றார்கள். தி பாடி ஷாப் என்ற அழகுசாதன நிறுவனத்தை மனைவி அனிதாவோடு நடத்திவந்த கார்டன் ராடிக் அதை அங்கே பார்த்துவிட்டு, லண்டனிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று பழைய நண்பர் ஜான் பேர்டைப் பிடித்தார். பேர்ட் ஐந்து வயதிலேயே வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளை, அனாதை இல்லத்தில் வளர்ந்தவர், இளம் வயதில் சிறைக்குப் போய் வந்தவர், பிறகு அச்சுத் தொழிலில் இருந்தவர். 1991 செப்டம்பரில் பாடி ஷாப் கொடுத்த பணத்தில் முதல் இதழ் வந்தது. மாத இதழாகத் தொடங்கி, 1993-ல் வார இதழானது. தெருவை அறிந்தவர் நடத்தியதால்தானோ என்னவோ, தர்மம் என்ற வாசனையே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே வியாபாரமாக வைத்தார். காசு போட்டு எடுக்கிறாய், விற்கிறாய், லாபம் உன்னுடையது, அதை எதற்குச் செலவழிக்கிறாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உதவி பெறுகிற மனிதன் ஒவ்வொரு பைசாவுக்கும் நல்லவனாக நடந்து காட்ட வேண்டியிருக்கிறது, சம்பாதிக்கிற மனிதனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே பேர்ட் 2015-லிருந்து பிரபுக்கள் சபையில் கட்சி சாராத உறுப்பினராக இருக்கிறார்.

இதனால்தான் தலைப்பில் அப்படிச் சொன்னேன். நல்ல மனசுள்ளவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு, "பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவருக்கு விற்கலாம்" என்று இதழை வாங்காமல் போகிறார்கள். கணக்குப்படி அவருக்கு லாபம்தான், மறுக்கவில்லை, சில நாள் அந்தக் கூடுதல் காசில்தான் அவருக்குச் சாப்பாடே கிடைத்திருக்கும். ஆனால் சந்தையில் கீரை விற்கும் ஆயாவிடம் காசை நீட்டிவிட்டு, "கீரை வேண்டாம், நீயே வைச்சுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள், அந்த அம்மா முகம் எப்படிப் போகும்? வியாபாரம் செய்தவரை ஒரே நொடியில் கையேந்தியவராக மாற்றிவிட்டோம். எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் விற்பவர் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார்: காசு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, ஆனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்தான் அடுத்த வாரமும் வருவார் என்றார். அவருக்கு வேண்டியது திரும்பி வரும் வாடிக்கையாளர், எந்த வியாபாரிக்கும் வேண்டியதுதான்.

இது வியாபாரம் என்பது அவர்களாகச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் வார்த்தை மட்டுமில்லை. இங்கிலாந்தில் 1824-ல் வந்த ஒரு சட்டம் பிச்சை எடுப்பதையும் தெருவில் தூங்குவதையும் குற்றமாக வைத்திருந்தது, அதை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்ததே 2022-ல்தான். அப்படிப்பட்ட நாட்டில், அதே நடைபாதையில் கையில் பத்திரிகையோடு நிற்பவர் சட்டப்படி தொழில் செய்பவர். 2012-ல் வீட்டு வாடகை உதவித்தொகை தொடர்பான ஒரு வழக்கில், இந்த இதழை விற்பது சுயதொழில்தான் என்று தீர்ப்பே வந்தது. அவருக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஒழுங்கு விதிகளில் கையெழுத்துப் போட வேண்டும், தனக்கென்று கொடுத்த இடத்தில்தான் நிற்க வேண்டும், குடித்துவிட்டு விற்கக் கூடாது, அந்தச் சிவப்புச் சட்டையோடு பிச்சை கேட்கக் கூடாது. மீறினால் அடையாள அட்டை போய்விடும்.

சரி, பத்திரிகைக்கு வருவோம். 4 பவுண்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

எழுதுபவர்களும் ஆசிரியர்களும் சம்பளம் வாங்கும் பத்திரிகையாளர்கள், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அச்சு சுத்தம், படங்கள் நன்றாக இருக்கும், அட்டையை வடிவமைப்பவர்களுக்கு நல்ல கை. ஸ்டேஷனில் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்க வேண்டும், விற்பவரின் சோறு அந்த அட்டையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெயர் பெற்ற ஒருவர் தன்னுடைய 16 வயதுப் பருவத்துக்கு எழுதுகிற கடிதம். பல வருடங்களாக வருகிறது. நடிகர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டுக்காரர்கள் என்று எல்லாரும் மற்ற பேட்டிகளில் காட்டாத ஒரு முகத்தை அங்கே காட்டிவிடுகிறார்கள், பதினாறு வயதைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பந்தா வராது போலிருக்கிறது. பெரிய ஆட்கள் இந்த இதழுக்குப் பேட்டி கொடுப்பது புதிதும் இல்லை. பாடகர் ஜார்ஜ் மைக்கேல் ஆறு வருடம் எந்தப் பத்திரிகைக்கும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு 1996-ல் திறந்தது இதற்குத்தான். பணக்காரப் பத்திரிகைகள் வரிசையில் நின்றபோது அவர் தெருவில் விற்கும் இதழைத் தேர்ந்தெடுத்தார்.

வீடு, வாடகை பற்றிய செய்திகளுக்காக மட்டுமே கூட இதை வாங்கலாம் என்பேன். வாடகை வீட்டில் இருக்கும் தமிழர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு இடம் கொடுத்த அந்த 21-ஆம் பிரிவு நோட்டீஸ், அதை ஒழிப்போம் என்று அரசாங்கங்கள் மாறி மாறி வாக்குக் கொடுத்து வருடக்கணக்கில் இழுத்தடித்தது, உள்ளாட்சி கொடுக்கும் கவுன்சில் வீட்டுக்குக் காத்திருக்கும் வரிசை, தற்காலிகத் தங்குமிடம் என்ற பெயரில் ஒரே அறையில் பிள்ளைகளோடு வருடக்கணக்கில் கிடக்கும் குடும்பங்கள், இவையெல்லாம் பெரிய தினசரிகளில் எப்போதாவது வரும். இங்கே விடாமல் வரும், யாரிடம் போய் என்ன கேட்கலாம் என்ற விவரத்தோடு வரும். நோட்டீஸ் வந்தால் அடுத்த நாளே பெட்டியைக் கட்ட வேண்டும் என்று நினைத்துப் பயந்த நம் பையன்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். கோர்ட் உத்தரவு இல்லாமல் பெரும்பாலான வாடகைதாரர்களை யாரும் வெளியே தள்ள முடியாது என்ற சாதாரண விஷயம் தெரியாமலே போன வீடுகள் உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். சினிமா, டிவி, பாட்டு பற்றிய பக்கங்கள் எனக்கு அதிகமாகத் தெரிகின்றன. அட்டையில் தெரிந்த முகம் இருந்தால்தான் தெருவில் விற்கும் என்ற நியாயம் புரிகிறது, விற்காத நல்ல பத்திரிகையால் விற்பவருக்கு என்ன பயன். ஆனாலும் சில வாரம் படித்து முடித்தபின், இதை எந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளின் இணைப்பிலும் போட்டிருக்கலாமே என்று நினைப்பு வருகிறது. புதிர்ப் பக்கம் நன்று, குறுக்கெழுத்துப் பிரியர்கள் ஏமாற மாட்டார்கள். எழுத்துத் தரத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4 கொடுப்பேன்.

மனசு உறுத்துவது வேறு இடத்தில். தெருவில் இருப்பவர்களுக்கு வருமானம், கூடவே குரல், இரண்டும் தருவதாகத்தான் இந்த வகைப் பத்திரிகைகள் எல்லாமே சொல்கின்றன. வருமானம் என்ற பக்கம் தி பிக் இஷ்யூ வலுவானது. குரல்? விற்பவர் ஒருவர் தன் கதையைச் சொல்லும் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது. எந்த ஊர், எந்த இடத்தில் நிற்கிறார், எப்படி வந்து சேர்ந்தார், வாடிக்கையாளர்கள் எப்படி என்று அவர் வார்த்தையிலேயே. நான் இதழைப் பின்னாலிருந்து திறப்பதே அதற்காகத்தான். கட்டட வேலையில் அடிபட்டு விழுந்தவர், கல்யாணம் முறிந்து பையோடு வெளியே வந்தவர், ராணுவத்திலிருந்து வந்து ஊரோடு ஒட்ட முடியாமல் போனவர் என்று, எந்தத் தெருவில் பார்த்தாலும் நாம் கேட்கத் துணியாத கதைகள். ஒரே பக்கம்தான். நாட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத ஆட்கள் இவர்களிடம் விற்பனையாளர்களாகவே இருக்கும்போது ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. மூன்று பக்கம் கொடுங்கள், ஒரு நடிகர் பேட்டி குறைந்தால் யாரும் அழப் போவதில்லை.

இது என் ஒருவனுடைய முணுமுணுப்பும் அல்ல. தெருப் பத்திரிகை நடத்துபவர்களுக்குள்ளேயே 90-களிலிருந்து நடக்கும் வாக்குவாதம் இது. தொழில்முறைப் பத்திரிகையாளர்கள் எழுதி, நன்றாக விற்கும் இதழை விற்பவர் கையில் கொடுப்பதே பெரிய உதவி என்பது ஒரு தரப்பு. எழுதுவதும் அவர்களாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் விற்பனை வேலை மட்டும்தானே கொடுக்கிறோம் என்பது இன்னொரு தரப்பு, அமெரிக்காவின் சின்னச் சின்ன இதழ்கள் பல இந்தப் பக்கம். முழுக்க அவர்களே எழுதி யாரும் வாங்காத இதழ் வந்தால் குரலும் கேட்காது, சோறும் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து அழகாகச் செய்து காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். 2003-ல் ஒசாகாவில் பிக் இஷ்யூ ஜப்பான் பதிப்பு தொடங்கியது, மாதம் இரண்டு இதழ், விலையில் சுமார் பாதி விற்பவருக்கு. அதில் ஒரு ஆலோசனைப் பகுதி வந்தது. வாசகர்கள் தங்கள் கவலைகளை எழுதி அனுப்புவார்கள், பதில் சொல்வது தெருவில் இதழ் விற்கும் வீடில்லாதவர். வேலை, குடும்பம், காதல், தனிமை என்று வீடும் சம்பளமும் உள்ளவர்கள் கேட்க, எல்லாவற்றையும் ஒரு முறை இழந்து பார்த்தவர் பதில் சொல்கிறார். கூடவே நஹோமி எடமோட்டோ என்ற சமையற்கலைஞர், கேள்வி கேட்டவரின் மனநிலைக்கு ஏற்ற ஒரு சமையல் குறிப்பையும் எழுதுவார். யோசித்துப் பாருங்கள், வழக்கமாக வீடில்லாதவருக்கு ஊரே புத்தி சொல்லும், இங்கே அவரிடம் புத்தி கேட்கிறார்கள். குரல் கொடுப்பது என்றால் இதுதான் என்பது என் கருத்து. எடமோட்டோ 2024-ல் காலமானார், அதற்கு முன் 2020-ல் டோக்கியோவில் இன்னொன்றும் தொடங்கிவைத்தார். பேக்கரிகளில் மிஞ்சும் ரொட்டியைச் சேகரித்து இரவில் விற்கும் கடை, அதில் வேலை இதழ் விற்பவர்களுக்கு.

நம் நாட்டிலும் ஒன்று இருக்கிறது. டெல்லியில் 2003-லிருந்து வரும் பாலக்நாமா, தெருவில் வாழும், தெருவில் வேலை செய்யும் பிள்ளைகளே நடத்தும் செய்தித்தாள். சேத்னா என்ற தொண்டு நிறுவனம் துணை. எழுதத் தெரியாத பிள்ளைகள் தங்கள் பகுதியில் நடந்ததை வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளைகள் அதைச் செய்தியாக்குகிறார்கள். பிழைப்புக்கான வழியாக அதை ஆரம்பிக்கவில்லை, பேசுவதற்காக ஆரம்பித்தார்கள். குப்பை பொறுக்கும் பிள்ளையிடம் போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று அந்தப் பிள்ளையே செய்தி கொடுக்கும்போது, எந்த நிருபர் போய் எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

லண்டனுக்கே திரும்பி வருகிறேன். "கையில் காசு இல்லை" என்று நழுவ இப்போது வழியில்லை, பல விற்பனையாளர்கள் கார்டு மெஷின் வைத்திருக்கிறார்கள். இதில் முன்னோடி ஸ்டாக்ஹோம். அங்கே சிட்டுவேஷன் ஸ்டாக்ஹோம் இதழ் விற்பவர்கள் 2013-லேயே கார்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், ஸ்வீடனில் யாரும் பையில் நோட்டு வைத்துக்கொண்டு நடப்பதில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் கார்டு மெஷினுக்கு ஸ்மார்ட்போன் வேண்டும், அதற்குச் சார்ஜ் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு முகவரி வேண்டும். வீடில்லாதவரிடம் முகவரி கேட்டால் அவர் எங்கே போவார்? பத்திரிகை அமைப்பு உதவி செய்துதான் இதெல்லாம் நடக்கிறது. அதனால், "வீடில்லை என்கிறான், கையில பாரு நல்ல போன்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்தப் போன்தான் அவருடைய கல்லாப்பெட்டி என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பேச்சும் நம்மவர்கள் நடுவில் அடிக்கடி வரும். இவர்கள் உண்மையில் வீடில்லாதவர்களா, பாதிப் பேர் ருமேனியாவிலிருந்து வந்தவர்களாமே, ராத்திரி வீட்டுக்குத்தானே போகிறார்கள் என்று. தெருவில் படுப்பவர் மட்டுமே விற்கலாம் என்று விதி எதுவும் இல்லை. விடுதியில் இருப்பவர், தெரிந்தவர் வீட்டு சோபாவில் ஒண்டியிருப்பவர், இந்த வருமானம் நின்றால் அடுத்த மாதம் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வரப்போகிறவர், எல்லாரும் விற்கலாம். தலைக்கு மேல் கூரை கிடைத்த அன்றே சட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் அந்தக் கூரைக்கு வாடகை யார் கொடுப்பது? வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்று விரல் நீட்டுவதற்கு முன், நாமும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து யார் வீட்டு ஹாலிலோ வரிசையாகப் படுத்துத் தூங்கியவர்கள்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பழைய இதழ் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பிரதி என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் சில இடங்களில் உண்டு. கழுத்தில் படத்தோடு அட்டை இருக்கிறதா, கையில் இருப்பது இந்த வாரத்து இதழா என்று பாருங்கள், போதும்.

சந்தா போட்டுத் தபாலில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது விற்பவர்கள் எல்லாரையும் தெருவிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. இதழ் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. நின்று விற்பதுதான் முழுப் பிழைப்பு, தெருவில் ஆளே இல்லை என்றால் என்ன செய்வார்கள்? சூப்பர்மார்க்கெட்டுகள் அலமாரியில் வைத்து விற்றன, வாசகர்கள் சந்தா கட்டினார்கள், அந்தப் பணத்தில்தான் விற்பவர்களுக்கு உதவி போனது. இப்போதும் குறிப்பிட்ட ஒரு விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரில் சந்தா கட்ட வழி இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள், குளிரில் வெளியே போக முடியாதவர்களுக்கு நல்ல ஏற்பாடு. போகிற வழியில் விற்பவர் நிற்கிறார் என்றால் அவரிடமே வாங்குங்கள், தபால்காரர் உங்களிடம் நாலு வார்த்தை பேசமாட்டார். விற்பவர்களில் பலர் சொல்வது அதுதான். நாள் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களைத் தாண்டிப் போகிறார்கள், வாங்காவிட்டாலும் "குட் மார்னிங், இன்றைக்கு வேண்டாம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இது வீடில்லாமையைத் தீர்த்துவிடுமா என்றால், இல்லை. 40 பவுண்ட் லாபத்தில் லண்டனில் யாராலும் வீடு பிடிக்க முடியாது. விற்பனையும் 90-களில் இருந்த மாதிரி இப்போது இல்லை, காகிதத்தில் படிப்பவர்களே குறைந்துவிட்டார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இதை விற்றுச் சம்பாதித்திருக்கிறார்கள் என்று பத்திரிகையே சொல்கிறது, ஒரு வகையில் அது பெருமை, இன்னொரு வகையில் இத்தனை பேரைத் தெருவுக்கு அனுப்பிய நாட்டைப் பற்றிய கணக்கும் அதுதான். ஆனால் காலையில் எழுந்து போக ஒரு இடம், அங்கே தன் பெயர் தெரிந்த நாலு வாடிக்கையாளர்கள், பையில் கேட்டு வாங்காத காசு, இதெல்லாம் வீடு கிடைப்பதற்கு முன்பே ஒரு மனிதனுக்குத் தேவை. இதே வட்டத்தில் பிறந்ததுதான் வீடில்லாதவர்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்தும். ஸ்காட்லாந்தில் பிக் இஷ்யூவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெல் யங்கும், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத் தெருப் பத்திரிகையிலிருந்த ஹரால்ட் ஷ்மீடும் தெருப் பத்திரிகைகளின் மாநாடு ஒன்றில் பேசிக்கொண்டிருந்து பிடித்த யோசனை, 2003-ல் கிராஸ் நகரத்திலேயே முதல் போட்டி நடந்தது.

இங்கிலாந்துக்கு வெளியே இருக்கும் தமிழர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் ஆரம்பித்த சர்வதேசத் தெருப் பத்திரிகைகள் கூட்டமைப்பில் சுமார் 35 நாடுகளின் இதழ்கள் இருக்கின்றன, உங்கள் ஊரிலும் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். ஓஸ்லோவில் எர்லிக் ஓஸ்லோ, கோபன்ஹேகனில் ஹுஸ் ஃபோர்பி, ஹாம்பர்க்கில் ஹின்ஸ் உண்ட் குன்ஸ்ட், டோர்ட்முண்ட் பக்கம் போடோ, மாண்ட்ரியலில் லிதினேரேர், மெல்பர்னில் 1996-லிருந்து பிக் இஷ்யூ ஆஸ்திரேலியப் பதிப்பு. சுவிஸ் தமிழர்கள் மிக்ரோ, கோப் சூப்பர்மார்க்கெட் வாசலில் சுர்ப்ரீஸ் விற்பவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பாசல், சூரிச், பெர்ன் நகரங்களில் அவர்கள் நடத்தும் நகரச் சுற்றுலா ஒன்றும் இருக்கிறது, தெருவில் இருந்து பார்த்தவர்களே வழிகாட்டிகள், எங்கே சூப் கிடைக்கும், எங்கே தூங்கலாம், எங்கே விரட்டுவார்கள் என்று தங்கள் ஊரைத் தாங்களே சுற்றிக் காட்டுகிறார்கள். மொழி புரியும் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.